அரங்கில் எல்லோருக்கும் புரிந்த ஒரே சொல்

அப்பா,

உங்கள் ஸ்வெட்டர் திரும்பி வந்துவிட்டது. உங்களாக நடிப்பவருக்குப் போட வேண்டும் என்று டெல்லி டிவிக்காரர்கள் கேட்டு வாங்கிப்போன அதே பச்சை ஸ்வெட்டர். பார்சலைப் பிரித்ததும் முகத்தில் வைத்துப் பார்த்தேன். யாரோ ஒருவரின் சென்ட் வாசனை. கழுத்துப் பட்டையில் தோல் நிறத்தில் மேக்கப் ஒட்டியிருக்கிறது. ஏழு வருடம் டிரங்குப் பெட்டிக்குள் பூச்சி உருண்டைகளுக்கு நடுவே பிழைத்துக் கிடந்த உங்கள் வாசனையை எங்கோ துவைத்து எடுத்துவிட்டார்கள்.

அம்மா தூங்கிவிட்டாள். நாளைய விழாவுக்காக வந்த சித்தப்பா முன் அறையில் படுத்திருக்கிறார். நான் போர்வைக்குள் செல்போன் வெளிச்சத்தில், வேதியியல் நோட்டின் பின்பக்கத்தில் எழுதுகிறேன். யாராவது இருமினால்கூட வெளிச்சத்தை அணைத்துவிடுகிறேன்.

நாளைக் காலை எங்கள் பள்ளி நூலகத்துக்கு உங்கள் பெயரை வைக்கிறார்கள். நான் மேடையேறி இரண்டு பக்கம் வாசிக்க வேண்டும். தமிழ் ஐயா எழுதிக் கொடுத்திருக்கிறார். அதில் ஒரு வரி: ‘கோழை ஒருவன் கைவிட்டு ஓடிய பின்னும், தன்னந்தனியாய் நின்று எதிரிகள் பத்துப் பேரைச் சாய்த்த என் தந்தை.’

அந்தக் கோழை யார் தெரியுமா, அப்பா? உங்களோடு பட்டாளத்தில் இருந்த நம் அருளப்பன் மாமா.

வெள்ளிக்கிழமை மதியம் பள்ளி அரங்கில் திரை கட்டி, டெல்லிக்காரர்கள் உங்களைப் பற்றி எடுத்த நிகழ்ச்சியைப் போட்டார்கள். முதல் வரிசையில் அம்மா, சித்தப்பா, தலைமையாசிரியை. இரண்டாவது வரிசையில் நான். எல்லாம் இந்தியில். அரங்கில் யாருக்கும் ஒரு வார்த்தையும் தெரியாது. ஜபல்பூர் ராணுவக் குவார்ட்டர்ஸில் உங்களோடு இருந்து மூன்றாம் வகுப்புவரை படித்தவள் நான், எனக்குத் தெரியும். ஆனால் சண்டைக் காட்சிக்கு மொழி எதற்கு? உங்கள் ஸ்வெட்டரைப் போட்ட அந்த உயரமான ஆள் ஒவ்வொருவராகச் சுட்டான். அரங்கு முழுக்கக் கைதட்டல், விசில்.

நானும் தட்டினேன், அப்பா.

இதைத்தான் முதலில் உங்களிடம் சொல்ல வேண்டும் என்று நினைத்தேன். குவார்ட்டர்ஸில் ஞாயிற்றுக்கிழமை போர்ப்படம் போடும்போது நீங்கள் என்னை மடியில் வைத்துக்கொண்டு பார்ப்பீர்கள். “இவனுக பூட்ஸப் பாரு தாயி, கல்யாணத்துக்குப் போற மாதிரி பளபளன்னு இருக்கு,” என்பீர்கள். “காலையில இருந்து சண்டை போடுறானுக, ஒருத்தனுக்காவது சோறு வந்துச்சா?” என்று கேட்டு அம்மாவைச் சிரிக்க வைப்பீர்கள். எதிரி ஒருவன் சுருண்டு விழுந்தபோது நான் துள்ளிக் கைதட்டினேன். நீங்கள் என் இரண்டு கைகளையும் சேர்த்துப் பிடித்துக்கொண்டீர்கள். “தட்டாத தாயி. அவனுக்கும் எங்கயாச்சும் குவார்ட்டர்ஸ் இருக்கும்.”

வெள்ளிக்கிழமை என் கைகளைப் பிடிக்க யாரும் இல்லை.

அதற்குப் பிறகுதான் அம்மா திரையில் வந்தாள். நம் வீட்டுச் சமையலறை வாசலில் உட்கார்ந்து பேசுகிறாள். “குஜிலியம்பாறை அருளப்பன் அண்ணன் மட்டும் இல்லைன்னா...” என்று அவள் தொடங்குவது உதட்டசைவில் எனக்குத் தெரிந்தது; சத்தம் வெளியே வருமுன்பே ஒரு பெண்குரல் இந்தியில் எழும்பி அதை மூடிவிட்டது. அம்மாவின் வாய் மட்டும் அசைந்துகொண்டிருந்தது. அந்தக் குரல் சொன்னது: ‘அந்தக் கோழை ஓடாமல் இருந்திருந்தால் என் கணவர் இன்று உயிரோடு இருந்திருப்பார்.’



படப்பிடிப்பு நாளில் நான் அங்கேதான் நின்றிருந்தேன். அம்மா என்ன சொன்னாள் என்று எனக்குத் தெரியும். மலைமேல் காவல் முகாமுக்கு மண்ணெண்ணெய் கேன் சுமந்துகொண்டு போனபோது பனி சரிந்தது, சுடுவதற்கு அங்கே யாருமே இல்லை என்றாள். அருளப்பன் மாமா கையுறை கிழிந்த பின்னும் வெறுங்கையால் தோண்டி உங்களை எடுத்தார், அதில்தான் அவருடைய இடது கையில் மூன்று விரல்கள் போயின என்று சொல்லி அழுதாள். நம் பக்கத்தில் ஒருவரைப் பற்றிச் சொன்னால் ஊரையும் சேர்த்துத்தானே சொல்வோம்? நன்றி சொல்லும்போது அது இல்லாமல் நமக்கு வாக்கியமே வராது. அம்மா அப்படித்தான் திரும்பத் திரும்ப ஊரைச் சொன்னாள். அவர்கள் கதையில் மாமாவின் பெயரை மாற்றிவிட்டார்கள். ஊரை மாற்றவில்லை.

திரையில் ஒருவன் துப்பாக்கியை எறிந்துவிட்டு ஓடினான். இடது கையில் கட்டு. அதிகாரியாக நடித்தவர் காறித் துப்பிவிட்டு, ஏதோ இந்தியில் கத்தி, கடைசியில் “குஜிலியம்பாறை!” என்றார். ஒரு மணி நேரத்தில் அரங்கில் எல்லோருக்கும் புரிந்த ஒரே சொல் அதுதான்.

“ஏடி, உங்க ஊரு ஆளுடி!” என்று பின்னாலிருந்து ஒருத்தி கத்தினாள். அந்தப் பக்கத்திலிருந்து பஸ்ஸில் வரும் பிள்ளைகள் தலையைக் குனிந்துகொண்டார்கள். அரங்கே சிரித்தது.

இன்று மாலை மாமா போன் செய்தார்.

“பாப்பா, நாளைக்கு விழாவாமே. எனக்குப் பகல் ஷிப்டு, வர ஏலாது.”

“மாமா, அந்தப் படத்துல...”

“பாத்தேன், பாத்தேன். மில்லு கேட்டுல பயலுக கேலி பண்றானுக. ‘திருடன் வந்தா நம்ம வாட்ச்மேனு மொத ஆளா ஓடிருவாரு’ங்குறானுக. நானும் சேந்து சிரிச்சுக்கிட்டேன்.” பிறகு குரலைத் தாழ்த்திக்கொண்டார். “உங்கத்தைதான் இன்னிக்குச் சர்ச்சு பூசைக்கு வர மாட்டேன்னுட்டா.”

“நான் மேடையில சொல்லிர்றேன் மாமா.”

“வேணாம் பாப்பா! எதையும் மாத்திச் சொல்லிராத. மச்சானுக்கு வந்த பேரு கெட்டுப்போகும். எனக்கென்ன, விரலு போச்சு, இதுவும் போகட்டும்.”

உண்மையைச் சொன்னால் என்ன என்று சித்தப்பாவிடம் சும்மா ஒரு பேச்சுக்குக் கேட்டுப் பார்த்தேன். பாதிச் சாப்பாட்டில் கையை உதறினார். “பனியில செத்தான்னு சொன்னா எவன்டி மாலை போடுவான்? டெல்லிக்காரனே சொல்லிட்டான், நீ என்ன அம்புட்டுப் பெரிய ஆளா? உங்கம்மாவுக்கு இந்த ஸ்கூல் ஆபீஸ்லதான் வேலைங்கிறத மறந்துறாத.”

பாத்திரம் கழுவும்போது அம்மாவிடம் மெதுவாகச் சொன்னேன், அவள் குரலுக்கு மேல் அந்த இந்திக்காரி என்ன பேசினாள் என்று. பாதியிலேயே அவள் நிறுத்திவிட்டாள்.

“எனக்கும் புரிஞ்சுச்சுடி. அஞ்சு வருசம் ஜபல்பூர்ல காய்கறி வாங்கியிருக்கேன்ல?”

முதல் வரிசையில் நிமிர்ந்து உட்கார்ந்திருந்தாளே, அப்பா! படம் முடிந்ததும் தலைமையாசிரியை போர்த்திய சால்வையை வாங்கிக்கொண்டு கும்பிட்டாளே! நான் அவள் முகத்தையே பார்த்துக்கொண்டு நின்றேன். குழாயை மூடாமல், என்னைப் பார்க்காமல் அவள் சொன்னாள்: “ஊரைச் சொல்லாம இருந்திருக்கணும். வாய் சும்மா இருக்கல.” பிறகு, “நாளைக்கு என்ன படிக்கப் போற?” என்று கேட்டாள்.

“தெரியலம்மா.”

“எதுவா இருந்தாலும் சித்தப்பாகிட்ட இப்பச் சொல்லாத,” என்றாள். அவ்வளவுதான்.

ஒன்று மட்டும் எனக்குப் பிடிபடவே இல்லை. பொய் சொல்ல வேண்டிய தேவை என்ன? ஆறு பேர் உட்கார்ந்திருக்கும் ஒரு கூடாரத்துக்கு அடுப்பெரிக்க எண்ணெய் சுமந்து போன ஒருவரை இந்த நாட்டுக்குக் காட்டினால் போதாதா? இரண்டு கைகளால் பனியைத் தோண்டிய ஒருவரைக் காட்டினால் யாரும் கைதட்ட மாட்டார்களா? நம் ஊர் சேவுகம்பட்டியில் மாமரத்தில் ஏறவே பயந்த உங்களை, பயமே இல்லாத ஒருவராக்கிவிட்டார்கள். நாளை நானும் அதை வாசித்துவிட்டால் உண்மை தெரிந்தவர்கள் எல்லோரும் வாயை மூடியதாகிவிடும். மாமா சாகும்வரை ஓடிப்போனவர்தான்.

தமிழ் ஐயா கொடுத்த தாளில் அந்த வரியை அடித்துவிட்டேன். மேலே எழுதியிருக்கிறேன்: ‘என் அப்பா பனிச்சரிவில் இறந்தார். அவரைத் தோண்டி எடுத்தவர் அருளப்பன் மாமா. படத்தில் வந்தது பொய்.’ மூன்று சிறிய வாக்கியங்கள். அம்மாவின் வேலை என்னாகும் என்று தெரியவில்லை. சித்தப்பா மேடையிலேயே அறைவாரோ தெரியவில்லை. நடுவில் மைக்கை அணைத்துவிடுவார்கள் என்றும் தோன்றுகிறது. அணைத்தாலும் முதல் மூன்று வரிசைக்காவது கேட்கிற மாதிரி சொல்ல வேண்டும்.

கடைசியாக நீங்கள் போன் செய்தது நினைவிருக்கிறதா? லைன் விட்டு விட்டு வந்தது. அடுத்த நாள் மேலே ஏற வேண்டும், நினைத்தாலே பயமாக இருக்கிறது என்றீர்கள். “நீங்களுமாப்பா பயப்படுவீங்க?” என்று கேட்டேன். நீங்கள் சிரித்தீர்கள். “மேல பயப்படாத ஆளுதான் தாயி ஆபத்து. அவன் பக்கத்துல நான் நிக்கவே மாட்டேன்.”

எனக்கு ரொம்பப் பயமாக இருக்கிறது, அப்பா. பக்கத்தில் வந்து நில்லுங்கள்.