ஆடிப் பதினெட்டுக்கு எழும் சர்வர்கள்

புது ஆல்பத்தின் வாசனை காலையிலிருந்தே அச்சகம் முழுக்க நிற்கிறது. பசையும் மையும் கலந்த, லேசாகக் கிறங்க வைக்கும் வாசனை. பைண்டிங் பகுதியிலிருந்து ஒன்றைக் கொண்டுவந்து என் மேசையில் வைத்துவிட்டுப் போனார்கள். அடுத்த வருஷக் காலண்டர்களின் மாதிரிகள். முருகன், மாதா, மெக்கா, பனிமலை, கொழுகொழுவென்று ஒரு குழந்தை. நாளைக்கு ஆடிப் பதினெட்டு. சிவகாசியின் காலண்டர் கம்பெனிக்காரர்கள் எல்லாரும் ஆல்பத்தைத் திறந்து ஆர்டர் பிடிக்கத் தொடங்கும் நாள். நான் ஆல்பத்தைப் புரட்டாமல் உன் நாற்காலியைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

மாரியம்மன் கோயில் பங்குனிப் பொங்கல் முடிந்த வாரம் காய்ச்சல் என்று படுத்தவள் நீ, எழுந்திருக்கவே இல்லை. இந்த சர்வர் அறையில் இப்போது நான் தனியாள். நீ இல்லாமல் வருகிற முதல் ஆடி இது. சொல்லிவிடுகிறேனே, எனக்குப் பயமாகத்தான் இருக்கிறது.

வருஷம் முழுக்க இந்தப் பின்னறையில் இருக்கும் சொந்த சர்வர்களே நமக்குப் போதும். ஆடிப் பதினெட்டு அன்று மட்டும் ஊர் ஊராக இருக்கிற ஏஜெண்டுகள் ஒரே நேரத்தில் நம் தளத்துக்குள் வருவார்கள். அந்த ஒரு நாளுக்காக வெளியூர் டேட்டா சென்டர்களில் கிளவுட் சர்வர்களைக் கூட்டமாக வாடகைக்கு எழுப்ப வேண்டும். படங்களின் மூலக் கோப்புகளோ இந்த அறையைத் தாண்டக் கூடாது. போட்டிக் கம்பெனி டிசைனைப் பார்த்துவிடும் என்று முதலாளி அண்ணாச்சிக்குப் பயம். பாதி வீட்டில், பாதி வாடகையில். இரண்டையும் ஒரே இடம்போல ஓட வைப்பதுதான் நம் வேலை.

அந்த வாடகை சர்வர்களை நாம் கண்ணால் பார்த்ததே இல்லை. மதிய வெக்கையில், எழுந்த சர்வருக்கு ஒன்றாகத் திரையில் பச்சைப் புள்ளிகள் வரும்போது நீ மேசையில் மோவாயை வைத்துக்கொண்டு கேட்பாய்.

“அங்கன மழை பெய்யுமா புள்ள?”

“எனக்கு என்னடி தெரியும்?”

“பெய்யுது. பாரேன், பதில் சொல்ல எம்புட்டு நேரம் எடுக்குது. குடை பிடிச்சுக்கிட்டு வருது.”

அன்றிலிருந்து அந்த ஊரை நினைத்தாலே எனக்கு மழைதான் தெரிகிறது. நனைந்த மரங்கள், பெரிய கட்டடம், உள்ளே வரிசையாக விளக்குகள். மழைக்கு ஏங்கிக் கிடக்கும் இந்த மண்ணில் உட்கார்ந்துகொண்டு, நாம் எங்கோ மழையில் எதையோ எழுப்பிக்கொண்டிருந்தோம்.

நம் முதல் ஆடியை நினைத்தால் இப்போது சிரிப்பு வருகிறது. பூஜை முடிந்து, நல்ல நேரம் பிறந்த பிறகுதான் சர்வர்களைத் தொட வேண்டும் என்று அண்ணாச்சி ஒரே பிடி. கீபோர்டுக்குக் குங்குமம் வைத்தார், தேங்காய் உடைத்தார், “எல்லாத்தையும் ஒண்ணா ஆன் பண்ணுங்கம்மா” என்றார். பண்ணினோம். எழுந்தவை எல்லாம் ஒரே மூச்சில் நம் பின்னறை சர்வரிடம் படங்களைக் கேட்டன. இணைப்பு திணறிப்போயிற்று. ஏஜெண்டுகளின் திரையில் பிள்ளையார் தும்பிக்கை வரைக்கும் வந்து நின்றுவிட்டார். இன்னொரு ஆடி இப்படி ஆனால் வேலையைச் சென்னைக்காரர்களிடம் கொடுத்துவிடுவேன் என்று அண்ணாச்சி சொன்னது விளையாட்டுக்கு இல்லை.

அடுத்த ஆடிக்கு நீ அவர் முன்னால் போய் நின்றாய்.

“அண்ணாச்சி, கல்யாண வீட்டுல பந்தி போடுற நேரத்துலயா அடுப்பப் பத்த வைக்கீக? சர்வர எல்லாம் முந்தின நாளே எழுப்பி வச்சுருவோம். நல்ல நேரத்துல ஏஜெண்டுக உள்ள வர்ற வாசல மட்டும் நீங்க திறந்து விடுங்க.”

“அப்பச் சாமி கும்பிட்டது எதுக்கும்மா?”

“வாசலுக்குத்தான்.”

அவர் சிரித்துவிட்டார். அன்றிலிருந்து வாசலைத் திறக்கும் பொத்தானை அழுத்துவது அவர் பங்கு.

மற்றதெல்லாம் நீ பிறந்த விஸ்வநத்தத்து வழக்கம். பட்டாசு ஆலைகளில் அறைகளைத் தள்ளித் தள்ளிக் கட்டுவார்கள், ஓர் அறைக்கு நாலு பேருக்கு மேல் கூடாது. நீயும் சர்வர்களை ஒரே டேட்டா சென்டரில் குவிக்க விட மாட்டாய். நாலு நாலாகத்தான் எழுப்புவாய். ஏஜெண்டுகள் பார்க்கும் சின்னப் படங்களை மட்டும் பூட்டுப் போட்டு முன்னதாகவே அனுப்பிவைப்பாய். எழுந்த ஒவ்வொன்றிலும் ஒரு காலண்டர் பக்கத்தைத் திறந்து பார்த்த பிறகே வாசலோடு இணைப்பாய். கூட்டம் கலைந்ததும், “வேலை முடிஞ்ச ரூம்ல மருந்து கெடக்கக் கூடாது” என்று வெடிமருந்தைக் கூட்டிப் பெருக்குகிற அக்கறையோடு ஒன்று விடாமல் அணைப்பாய். எனக்குப் பொறுமை போய்விடும். உன்னைத் திட்டிக்கொண்டே டீ வாங்கி வருவேன்.

இன்றைக்கு என்னை உட்கார வைத்துவிட்டது உன் டெம்ப்ளேட். எல்லா சர்வருக்கும் முன்மாதிரியாக, போன ஆடிக்கு நீ அமைத்துவைத்த சர்வர். அதிலிருந்துதான் மற்றவை நகலாக எழும். கோப்புகளின் பெயரில்கூட உன் குரல்தான். ஒன்றுக்குத் ‘தொட்டால் அடிப்பேன்’ என்று பெயர் வைத்திருக்கிறாய். ஆனால் ஒரு சீசனுக்கு ஒரு டெம்ப்ளேட்தான், பழையதை அழித்துவிட வேண்டும் என்பதும் உன் சட்டம்தானே. அண்ணாச்சி எட்டிப் பார்த்தார்.

“ஏம்மா, அந்தப் பிள்ள செஞ்சதையே எழுப்பிற வேண்டியதுதான? நல்லாத்தான ஓடுச்சு?”

அவருக்கும் உன்னை அழிக்க மனசில்லை என்று தெரிந்தது. எனக்கு மட்டும் இருக்கிறதா?

“இல்ல அண்ணாச்சி. இந்த ஒரு வருசத்துல அதுல எம்புட்டோ ஓட்டை தெரிஞ்சுபோச்சு. யாராச்சும் உள்ள நுழைஞ்சிட்டா நம்ம படம் பூராம் போயிரும். அவளே விட மாட்டா.”

நான் முதலிலிருந்து புதிதாக ஒன்றைக் கட்டினேன், சோதித்தேன். சேமிக்கும்போது, உருவாக்கியவர் யார் என்று திரை கேட்டது. பழக்கத்தில் என் விரல் உன் பெயரை அடித்துவிட்டது. அதை எடுத்துவிட்டு என் பெயரை அடித்தேன். பிறகு பழையதை அழித்தேன். உறுதியா என்று ஒருமுறை கேட்டது. ஆம் என்றேன்.

உன்னைத் தூக்கிக்கொண்டு போன அன்று, பெண்கள் சுடுகாட்டுக்கு வரக் கூடாது என்று என்னைத் தெருமுனையோடு நிறுத்திவிட்டார்கள். அப்போது வராத அழுகை இன்றைக்கு வந்தது. நான் உன்னை வழியனுப்பியது இந்த மேசையில்தான்.

முகம் கழுவிவிட்டு வந்து முதல் நாலை எழுப்பினேன். ஒவ்வொன்றிலும் ஒரு பக்கத்தைத் திறந்து, படம் முழுதாக வரும்வரை காத்திருந்தேன். இவ்வளவு பொறுமை எனக்குக் கிடையாது, உனக்குத் தெரியும். உன்னிடமிருந்து எடுத்துக்கொண்டது. திருப்பித் தர இனி ஆளில்லை. அடுத்த நாலை எழுப்பினேன்.