அடுப்படியில் மனைவி நிற்கிறாள்

கரியமாணிக்கம்
5.8.2024

மாமாவுக்கு,

சொல்ல வெட்கமாகத்தான் இருக்கிறது. காகிதத்தில் இருக்கிற ஒருத்தியை நினைத்து எனக்குச் சோறு இறங்கவில்லை. பீரோவில் பத்திரமாக வை என்று உங்கள் திரைக்கதையின் நகலை அனுப்பினீர்களே, வைக்கத்தான் போனேன். கை சும்மா இருக்கவில்லை. ஐந்தாவது படித்தவள் எழுத்துக் கூட்டிப் படித்தாலும் கதாநாயகி வருகிற இடம் நன்றாகவே புரிந்தது.

"காற்று அவள் கூந்தலைத் தொட்டுவிட்டு வெட்கப்படுகிறது. கொலுசுச் சத்தத்தில் அவன் இதயம் தடுமாறுகிறது." பக்கம் முழுக்க இதே கதை. பக்கத்து வீட்டு செல்வகுமாரி கூட உட்கார்ந்து கேட்டுவிட்டு, "இன்னாடி, ஒன் வூட்டுக்காரரு வாய்ல இவ்ளோ வார்த்த இருந்துச்சா?" என்கிறாள். "எனக்கும் இப்பதாண்டி தெரியுது" என்றேன்.

கதாநாயகன் கரும்பு போடுகிறவன், கல்யாணமானவன். அவன் பெண்டாட்டியும் வருகிறாள். "அடுப்படியில் மனைவி நிற்கிறாள்." அவ்வளவுதான். பேர்கூட இல்லை. அது யார் என்று ஊருக்குத் தெரியாதா மாமா?

ஓரத்தில் சிவப்பு மையில், "சார், ரொம்ப நீளம்" என்று எழுதி ஒரு சிரிப்பு முகம் போட்டிருக்கிறதே. அது யார் கை?

கரும்புக்குத் தண்ணீர் கட்டியாயிற்று. வேளைக்குச் சாப்பிடுங்கள்.

சிரிப்பு முகம் போடத் தெரியாத,
விஜயகுமாரி


சென்னை
9.8.2024

அன்பு விஜயாவுக்கு,

உன் கடிதத்தைப் படித்துச் சத்தமாகச் சிரித்துவிட்டேன். இயக்குநர் முறைத்தார். கதை வெளியே போய்விடும் என்று எங்களை ஒரு லாட்ஜில் உட்காரவைத்து, எல்லார் போனையும் அவர்தான் வாங்கி வைத்திருக்கிறார், அதனால்தான் இந்தத் தபால் பாடு.

சிவப்பு மை சரண்யாவுடையது. இயக்குநரின் உதவியாளர். ஊர்த் திருவிழாவுக்கு நாடகம் எழுதின எனக்குத் திரைக்கதை எழுதக் கற்றுத்தருவது அந்தப் பெண்தான். கண்ணுக்குத் தெரிவதையும் காதில் விழுவதையும் மட்டும்தான் எழுத வேண்டுமாம். இப்போது நம் எதிரில் நடப்பதுபோல் எழுத வேண்டும். சேர்ந்தாற்போல் நாலு வரியைத் தாண்டக் கூடாது. ஒருவர் முதலில் வரும்போது பேர், வயது, பார்த்ததும் ஆள் விளங்குகிற மாதிரி ஏதாவது ஒன்று. "சார், இதயத்துக்குள்ள கேமரா எப்படி சார் போகும்?" என்று கேட்டுவிட்டுக் காற்று, கூந்தல், கொலுசு எல்லாவற்றையும் அடித்துவிட்டது. உன் சக்களத்தி ஒழிந்தாள்.

எனக்குத்தான் இப்போது கண்டம். புருஷன் மனசு வேறு பக்கம் போவது மனைவிக்குத் தெரிந்துவிடுகிறது. அந்தக் காட்சிக்கு "அவள் உள்ளம் எரிகிறது" என்று எழுதினேன். அதுவும் போயிற்று. இந்த மாதத்துக்குள் அது சரியாக வராவிட்டால் மீதியைச் சரண்யாவே எழுதட்டும், நீங்கள் ஊருக்குக் கிளம்புங்கள் என்கிறார் இயக்குநர். படத்தில் என் பேரும் வராது.

யோசித்து யோசித்துப் பார்க்கிறேன். உனக்குக் கோபம் வந்தால் நீ என்ன செய்வாய் விஜயா? ஒன்றும் கண் முன்னால் வரமாட்டேன் என்கிறது.

உன்,
கலைவேந்தன்


கரியமாணிக்கம்
13.8.2024

மாமாவுக்கு,

இவ்வளவு காலம் குடும்பம் நடத்திவிட்டு, பெண்டாட்டி கோபத்தைத் தபாலில் விசாரிக்கிற புருஷன் நீங்கள் ஒருத்தர்தான். எழுதிக்கொள்ளுங்கள்.

துணி துவைக்கும்போது உங்கள் சட்டையை மட்டும் வாளியிலேயே விட்டுவிடுவேன். மீன் குழம்பில் உங்களுக்குப் பிடித்த தலையை நான் போட்டுக்கொள்வேன். நீங்கள் பேசிக்கொண்டிருக்கும்போது துடைப்பத்தை எடுத்து, பெருக்கின இடத்தையே மறுபடியும் பெருக்குவேன். நீங்கள் காலைத் தூக்கிக்கொள்வீர்கள். பேச்சை நிறுத்தமாட்டீர்கள்.

அந்தப் பெண்டாட்டிக்குப் பேர் வையுங்கள். என் பேர் வேண்டாம், செல்வகுமாரி விழுந்து விழுந்து சிரிப்பாள். அமுதம் என்று வையுங்கள்.

இன்னொன்று. அந்தச் சரண்யா எப்படி இருப்பாள்? உங்கள் சட்டப்படியே எழுதுங்கள். இதயத்துக்குள் போக வேண்டாம்.

துடைப்பத்தோடு,
விஜயகுமாரி


சென்னை
19.8.2024

அன்பு விஜயாவுக்கு,

துடைப்பம் என்னைக் காப்பாற்றிவிட்டது. இயக்குநர் படித்துவிட்டு எனக்கு ஒரு டீ சொன்னார். கடைசிவரை நான்தான் எழுதுகிறேன். பேரும் உண்டு.

நீ கேட்டது இதோ:

சரண்யா (28). சுருட்டை முடியில் ஒரு பேனா செருகியிருக்கிறது. டீயை ஆறவிட்டு, மேலே படிகிற ஆடையை விரல் நுனியால் எடுத்து டம்ளர் விளிம்பில் ஒட்டிவிட்டுக் குடிக்கிறாள். சிரித்தால் முதலில் தோள் குலுங்குகிறது. சத்தம் அப்புறம்தான் வருகிறது.

நாலு வரியைத் தாண்டவில்லை. சரிதானே?

உன்,
கலைவேந்தன்


சென்னை, உங்கள் லாட்ஜ் வாசல்
24.8.2024

மாமாவுக்கு,

ரொம்பச் சரி. படித்ததும் அவளே எதிரில் வந்து உட்கார்ந்துவிட்டாள். காற்று வெட்கப்பட்டதைக்கூடப் பொறுத்துக்கொண்டேன், அது சும்மா எழுத்து. டம்ளர் விளிம்பில் ஒட்டின ஆடையைத்தான் பொறுக்க முடியவில்லை. அந்தப் பெண் மேல் ஒரு குற்றமும் இல்லை. பார்த்தது நீங்கள். என்னைப் பார்க்காதவரும் நீங்கள்தான்.

அதனால் வந்துவிட்டேன். காவல்காரர், "மேல யாரையும் விடக் கூடாதும்மா" என்கிறார். "கதைய திருட வரலண்ணே, எழுதுனவர பாக்க வந்தேன்" என்றேன். சீட்டை மட்டும் கொண்டுபோய்க் கொடுக்கிறேன் என்றார்.

இறங்கி வாருங்கள். எதிர் டீக்கடையில் இருக்கிறேன். முன்னால் உட்கார்ந்து என்னைப் பாருங்கள். பேச வேண்டாம். எழுந்து போய் ஓரமாக நின்று என்னை எழுதுங்கள். அதைப் படித்த பிறகு, ஊருக்கு உங்களோடு திரும்புவதா, தனியாகத் திரும்புவதா என்று சொல்கிறேன்.

விஜயகுமாரி

பி.கு: வந்ததும் என் காலைப் பார்த்துவிட்டுக் கேள்வி கேட்பீர்கள். அதையும் உங்கள் முறைப்படியே எழுதிவிடுகிறேன்.

வெளியே. வில்லியனூர் பஸ் நிறுத்தம். காலை.

விஜயகுமாரி (46), கையில் துணிப்பை, பாண்டி பஸ்ஸில் ஏறுகிறாள். இடது கால் செருப்பு கழன்று கீழே விழுகிறது, அது ஏறவில்லை. பஸ் கிளம்புகிறது.