திறக்காத மோட்டாருக்குக் காயில் கட்டிய கூலி

ஐப்பசி 6, புதன்

மூட்டம். மழை இல்லை. அரியலூர்க் கடைக்காரன் ஓடாமல் நின்ற எங்கள் கிணற்று மோட்டாரைத் திறக்காமலேயே, உள்ளே செம்புக் கம்பி சுற்றிப் புதிதாகக் காயில் கட்டியதாகச் சொல்லிப் பணம் பிடுங்கிவிட்டான். நடந்தது இதுதான். இதற்குப் பெயர் திருட்டு.

அத்தாட்சி: ஆயுத பூஜைக்கு நான் வைத்த சந்தனப் பொட்டு. மூடியும் உடம்பும் சேருமிடத்தில், இரண்டிலும் படும்படி அப்பியது. மூடியைக் கழற்றாமல் காயில் கட்ட முடியாது. கழற்றியிருந்தால் பொட்டு பிளந்திருக்கும். போனபடியே திரும்பி வந்திருக்கிறது.

மாட்டியும் ஓடவில்லை. உள்ளூர் எலக்ட்ரீசியன் ஸ்டார்ட்டர் பெட்டியில் கண்டன்சரை மாற்றினார், ஓடியது. அதற்குள் தண்ணீர் இல்லாமல் வயலில் வெங்காயம் பாதி வாடிவிட்டது.

வீட்டுக்காரர்: "விட்டுத் தொலடி. ஒறவுக்காரன் சொன்ன கடை." இவருக்கு மானம் உறவுக்காரனிடம் மட்டும்.

வியாழன்

கடைக்குப் போன் போட்டேன். "ஆத்தா, ஒங்களுக்கு மோட்டாரப் பத்தி என்னா தெரியும்?" கூடவே சிரிப்பு. "கேஸு நடத்த அரியலூருக்குத் தெனம் பஸ் ஏறுவீங்களா?"

மடையன். நுகர்வோர் வழக்கை நாம் குடியிருக்கும் மாவட்டத்திலேயே போடலாம். பள்ளிக்கூடம் போகாமல், சட்டப் புத்தகத்தை எழுத்துக்கூட்டிப் படித்தவள் நான். எங்கள் பெரம்பலூருக்குப் பஸ் ஏறப்போவது அவன்.

கோழிக்குத் தவிடு. பிரஷர் மாத்திரை தீர்ந்தது. ஞாயிறு மகள் வந்ததும் பொட்டைப் படம் எடுக்க வேண்டும். என்னுடையது பட்டன் போன்.

வெள்ளி

போச்சு. காலையில் குளித்துவிட்டு வந்து மோட்டாரை ஈரத்துணியால் துடைத்துப் புதுப் பொட்டு வைத்திருக்கிறார் வீட்டுக்காரர்.

"வெள்ளிக்கிழமையாச்சே. பழசு காஞ்சி கெடந்துச்சு."

"அது பொட்டு இல்லீங்க, சாட்சி!"

"தொடாதீங்கன்னு சொன்னியா?"

இத்தனை வருடம் மோட்டார் பக்கம் எட்டிப் பார்க்காதவருக்கு இன்று பக்தி. மதியம் குழம்பு ஊற்றவில்லை. சோறு மட்டும் போட்டேன்.

சனி

மோட்டாரை ஏற்றி இறக்கிய செல்வத்தின் லோடு ஆட்டோவிலேயே அரியலூர். சமாதானம் பேச வீட்டுக்காரரும். கடை வாசலில் டீ குடிக்கிற கூட்டம்.

"மூடியக் கழட்டுனியா தம்பி?"

"கழட்டாம எப்புடி ஆத்தா காயில் கட்டுறது?"

"பூசை போட்ட மோட்டாரக் கண்டபடி உருட்டியிருக்க."

அவனுக்கு ரோஷம். "யாரு சொன்னா? ஒங்க பொட்டு ஒரு துளி உதிரல! ஏத்துன செல்வத்தையே கேளுங்க."

செல்வம்: "ஆமாங்க, மூடியோட சேத்து வச்ச பொட்டு. போனப்பவும் வந்தப்பவும் அப்புடியே இருந்துச்சு." கொஞ்சம் யோசித்து, "ஏண்ணே, கழட்டுனேங்கறீங்க. பொட்டு எப்புடிண்ணே ஒடையாம இருக்கும்?"

டீக்காரர்கள் சிரித்துவிட்டார்கள். அவன் முகம் கறுத்து, "பாதிப் பணத்த வாங்கிட்டுப் போங்க ஆத்தா."

"அப்ப நீ பாதித் திருடனா?"

பணத்தை வாங்க வீட்டுக்காரரின் கை நீண்டது. பிடித்து இழுத்து வந்தேன்.

ஞாயிறு

தூறல். செய்ய வேண்டியவை.

செல்வம்: கேட்டதையும் பார்த்ததையும் எழுதிக் கையெழுத்து. சரி என்றிருக்கிறார்.
எலக்ட்ரீசியன்: செத்த கண்டன்சரைத் தூக்கி எறியாமல் தர.
மகள்: பில்லை நகல் எடுக்க.
நான்: நாளை மனு. வெங்காய நஷ்டமும் சேர்த்து.
கடைக்காரன்: பஸ் ஏற.
வீட்டுக்காரர்: தீர்ப்பு வரும்வரை எந்த வெள்ளிக்கிழமையும் எதையும் துடைக்காமல் இருக்க.