இருந்தும் வராதவர்கள்

ஜூலை 14, திங்கள்

இல்லை, வகுப்பைத் தலைகீழாக்க வேண்டும் என்று நான் கேட்கவில்லை. யாருமே கேட்கவில்லை. துறைத்தலைவர் ஒரு கருத்தரங்குக்குப் போனார். போகும்போது கையில் ஒரு பை இருந்தது. திரும்பும்போது பையோடு ‘தலைகீழ் வகுப்பறை’ என்ற சொல்லும் இருந்தது.

இனி முதலாண்டு கணினி நிரலாக்கப் பாடத்தை மாணவர்கள் வீட்டில் காணொலியாகப் பார்த்துவிட்டு வர வேண்டும். வீட்டுப்பாடத்தை வகுப்பில் செய்ய வேண்டும். காணொலியில் யார் பேசுவது என்றதும் நிரந்தரப் பேராசிரியர்கள் நால்வருக்கும் ஒரே நேரத்தில் தொண்டை கட்டிக்கொண்டது. தற்காலிக விரிவுரையாளர் நான் ஒருத்திதான். டிசம்பர் வரை ஒப்பந்தம். புதுப்பிப்பார்களா என்று கேட்டேன். “இந்தப் பாடம் எப்படிப் போகுதுன்னு பாப்போம்மா” என்றார்.

எனக்கு இந்த யோசனை பிடித்திருக்கிறது. அதுதான் சங்கடம். வகுப்பு முழுக்க நானே பேசாமல், அவர்கள் தடுமாறும் இடத்தில் பக்கத்தில் போய் நிற்கலாம்.

ஜூலை 18, வெள்ளி

விதிமுறைக் கூட்டம். காணொலி பார்த்ததற்கு இருபது மதிப்பெண். வகுப்புக்கு வந்ததற்குப் பத்து. வகுப்பில் நிரல் எழுதியதற்குப் பத்து. மீதி தேர்வுக்கு. பார்ப்பது செய்வதைவிட இரண்டு மடங்கு உயர்ந்தது என்று முடிவாயிற்று. நிரல் ஓட வேண்டுமா என்று கேட்டேன். முயற்சி தெரிந்தால் போதுமாம்.

பிறகு வருகைப் பதிவு. காணொலி பார்க்காமல் வகுப்புக்கு வந்து என்ன பயன், வந்தும் வராத மாதிரிதானே என்றார் துறைத்தலைவர். பேச்சுவாக்கில் சொன்னதுதான். எல்லோரும் தலையாட்டிவிட்டார்கள். தட்டச்சு செய்தது நான்:

‘காணொலியில் தொண்ணூறு விழுக்காட்டைப் பார்க்காதவர் வகுப்பில் இருந்தாலும் வராதவராகவே கருதப்படுவார்.’

வருகை முக்கால் பங்குக்குக் கீழே போனால் தேர்வு எழுத முடியாது.

வாக்கியம் நன்றாக வந்திருக்கிறது என்று நினைத்தேன். உண்மையாகவே அப்படித்தான் நினைத்தேன்.

ஆகஸ்ட் 2, சனி

எதிரொலி கேட்காமலிருக்கத் தலையில் கம்பளியைப் போர்த்திக்கொண்டு பதிவு செய்தேன். இரவுப் பணி முடித்து அடுத்த கட்டிலில் தூங்கிக்கொண்டிருந்த அக்கா கண்ணைத் திறக்காமலே கேட்டாள்.

“உள்ள என்னடி பண்ற?”

“பாடம் எடுக்கிறேன்.”

“யாருக்கு?”

“இனிமேல்தான் பார்ப்பாங்க.”

“நல்ல வகுப்பு. ஒருத்தரும் கொட்டாவி விடல.”

அக்கா செவிலி. எந்தத் தொழிலையும் நோயாளி எழுந்து உட்கார்ந்தாரா இல்லையா என்பதை வைத்துத்தான் எடைபோடுவாள்.

ஆகஸ்ட் 6, புதன்

முதல் வகுப்பு. மாணவர்கள் எந்தக் காணொலியை எத்தனை நிமிடம் பார்த்தார்கள் என்று கல்லூரித் தளம் கணக்கு வைக்கிறது. அந்தக் கணக்கை வைத்துத்தான் நான் பெயர் வாசிக்க வேண்டும். ஒருத்தி கண்முன்னே உட்கார்ந்திருந்தாள். திரையில் அவள் வரவில்லை.

வகுப்பில் அவளை ‘டவுட்டு’ என்கிறார்கள். பள்ளியிலிருந்தே ஒட்டிக்கொண்ட பெயராம். எழுந்து நின்றாள். பாதிப் பாடம் ஏற்கெனவே தெரியும், அதனால் தாண்டிவிட்டாள். தெரியாத மீதியை நான்கு முறை ஓட்டிப் பார்த்திருக்கிறாள். தளம் ஒரு நிமிடத்தை ஒரு முறைதான் எண்ணும்.

“மேடம், நான் வெளிய போகணுமா?”

“வேண்டாம், இரு.”

“இருந்தா வந்ததா ஆகுமா?”

“ஆகாது.”

“போயிட்டா?”

“அப்பவும் ஆகாது.”

கொஞ்சம் யோசித்துவிட்டு உட்கார்ந்தாள். அன்று கடைசி வரை இருந்தவர்களில் அவளும் ஒருத்தி.

ஆகஸ்ட் 22, வெள்ளி

பார்வைச் சராசரி தொண்ணூற்று நான்கு. துறை வாசலில் பதாகை கட்டுகிறார்கள்: ‘நூறை நோக்கி’.

செப்டம்பர் 3, புதன்

சராசரி தொண்ணூற்றேழு. திரையில் ஒரு சுழற்சிக் கட்டளையைக் காட்டி, இந்த லூப் எத்தனை முறை சுற்றும் என்று கேட்டேன். அறுபது முகங்கள் என்னையே பார்த்தன. பொறுமையாக, மரியாதையாக. கொஞ்ச நேரத்தில் நானே அடுத்த வரிக்குப் போய்விடுவேன் என்ற நம்பிக்கையோடு.

டவுட்டு கை தூக்கினாள். தவறான விடை. ஏன் தவறு என்று அவளே கண்டுபிடித்தாள். அவளுடைய நிரல் பாதி நாள் ஓடாது. ஆனால் ஏன் ஓடவில்லை என்று அவளால் சொல்ல முடியும்.

போன வாரக் காணொலியை இரட்டை வேகத்தில் பார்த்துவிட்டாளாம். பாதி நிமிடங்கள்தான் ஏறின. இன்னொரு முறை வராதவளானாள்.

செப்டம்பர் 16, செவ்வாய்

துறைத்தலைவர் வழியில் நிறுத்திப் பாராட்டினார். ஏழாவது காணொலியை வீட்டில் எல்லோருமாக உட்கார்ந்து பார்த்தார்களாம்.

“உங்க குரல்ல ஒரு தெளிவு இருக்கும்மா. என் வீட்ல கூடச் சொன்னாங்க.”

நாள் முழுக்க மிதந்தேன். பாராட்டு எனக்கு இவ்வளவு தேவைப்படுகிறதா?

செப்டம்பர் 17, புதன்

வகுப்பு தொடங்கும் முன் டவுட்டு மேசைக்கு வந்தாள்.

“மேடம், ஏழாவது வீடியோல சத்தமே வரல. என் போன்லதான் கோளாறோன்னு தம்பி போன்ல பார்த்தேன். அதுலயும் வரல. அதான் பாதியில மூடிட்டேன்.”

அங்கங்கே ஓட்டிப் பார்த்தேன். மைக்கைச் செருகவே இல்லை. இருபது நிமிடம் என் உதடு அசைகிறது. கையை வேறு ஆட்டுகிறேன். ஓரிடத்தில், நான் சொன்ன ஏதோ ஒன்றுக்கு நானே சிரிக்கிறேன்.

தளத்தைத் திறந்தேன். ஏழாவது: மற்ற எல்லோரும் நூறு விழுக்காடு.

“வேற யாரும் சொல்லலையா மேடம்?”

“இல்ல.”

“அப்போ அவங்களுக்கு மட்டும் கேட்டுச்சா?”

கிண்டல் இல்லை. நிஜமாகவே கேட்டாள். சந்தேகம் என்றால் கேட்டுத் தெளிந்துகொள்ள வேண்டும் அவளுக்கு.

பலகையைத் துடைத்துவிட்டு ஏழாவது பாடத்தை எழுதி நடத்தினேன். பழைய மாதிரி. இரண்டு மணி நேரம், தொண்டை வறள. நடுவில் ஒருவன் “ஓ, அதுதானா” என்றான்.

பிறகு வருகை எடுத்தேன். எல்லோரும் வந்திருந்தார்கள், ஒருத்தியைத் தவிர.

செப்டம்பர் 18, வியாழன்

வகுப்புத் தலைவனைக் கூப்பிட்டு விசாரித்தேன். நல்ல பையன், மறைக்கவில்லை. விடுதியில் ஓர் அறைக்கு ஒருவன் பொறுப்பு. எல்லோருடைய போனையும் சுவரோரம் வரிசையாகச் சாய்த்து வைத்து ஓடவிட்டுவிட்டுச் சாப்பிடப் போவான். சத்தம் தொல்லை என்பதால் எல்லாவற்றையும் ஊமையாக்கிவிடுவார்கள்.

“முறை வெச்சுச் செய்யுறோம் மேடம். யாருக்கும் பாரம் கிடையாது.”

பெருமையாகச் சொன்னான். அவ்வளவு ஒழுங்கு.

செப்டம்பர் 19, வெள்ளி

துறைத்தலைவரிடம் சொன்னேன். காணொலி ஊமை என்றேன். அவர் கண் இமைக்கவில்லை. குரலின் தெளிவு பற்றி அவரும் பேசவில்லை, நானும் பேசவில்லை. சிறிது நேரம் கண்ணாடியைத் துடைத்தார்.

“பாக்குறதுக்குத்தானே மார்க்கு? கேக்குறதுக்கு இல்லையே.”

மாற்றிப் பதிவேற்றுகிறேன் என்றேன். கூடவே கூடாது என்றார். புதிதாக ஏற்றினால் ஏழாவதின் கணக்கு பூஜ்யத்துக்குப் போய்விடும். பதாகை வேறு கட்டியாயிற்று. அந்தப் பெண்ணுக்கு மட்டும் வருகை போடலாமா என்றேன். ஒருத்திக்காக விதியை வளைத்தால் மற்றவர்களுக்கு அநீதி இல்லையா என்று என்னையே கேட்டார்.

“டிசம்பர்ல உங்க ஃபைல் என் மேசைக்குத்தான் வரும். நல்லாப் போயிட்டிருக்கிற விஷயத்துல நீங்களே கை வைக்காதீங்கம்மா.”

அன்பாகத்தான் சொன்னார். எல்லாவற்றையும் அன்பாகவே சொல்வார்.

செப்டம்பர் 24, புதன்

ஒன்றும் செய்யவில்லை.

அக்டோபர் 1, புதன்

இன்றும்.

அக்டோபர் 17, வெள்ளி

தேர்வுக்குத் தகுதியற்றோர் பட்டியல் ஒட்டிவிட்டார்கள். ஒரே ஒரு பெயர். பதினொரு வகுப்பில் அவள் வந்தது எட்டு. பதினொன்றுக்கும் வந்திருந்தாள்.

சுவர் முன்னால் நின்றுகொண்டிருந்தாள். அழவில்லை. வீட்டுக்குச் சொல்லிவிட்டாளாம். வகுப்புக்கே போகாமல் ஊர் சுற்றியிருக்கிறாய் என்று அப்பா கத்தினாராம். இந்த ஒரு பாடத்தில் நின்றால் ஆண்டு முழுவதையும் மறுபடி படிக்க வேண்டும்.

“அடுத்த வருஷமும் இதே வீடியோதானா மேடம்?”

“ஆமா.”

“ஏழாவதும்?”

அதுக்கும் தலையாட்டிட்டு வந்துட்டேன். ஏண்டி, நீயே எழுதின வாக்கியம்தானே அது, உன் கையால அடிச்சதுதானே. அழகா இருக்குன்னு வேற நெனச்ச—

அக்டோபர் 18, சனி

அக்காவிடம் முழுவதையும் சொன்னேன். தன் காலைப் பிடித்துவிட்டுக்கொண்டே கேட்டாள்.

“நாடி பாக்காம நாடி எழுதினா எங்கள வீட்டுக்கு அனுப்பிடுவாங்க. உங்க எடத்துல பதாகை கட்டுறாங்க. சரி, உனக்கு வேலை வேணுமா?”

“வேணும்.”

“அப்போ வாய மூடிக்கோ.”

“முடியலக்கா.”

“அப்போ எதுக்கு என்கிட்ட கேக்குற?”

திரும்பிப் படுத்துக்கொண்டாள். தூங்கவில்லை. மூச்சு தெரியும் எனக்கு.

அக்டோபர் 20, திங்கள்

தேர்வுப் பிரிவுக்குப் போனேன். அங்குள்ள எழுத்தர் விதியை மனப்பாடமாகச் சொன்னார்: நடக்காத வகுப்பு கணக்கில் சேராது. ஏழாவது கழிந்தால் பத்தில் எட்டு. அவள் தேர்வு எழுதலாம்.

வகுப்பு நடக்காமல் போவதற்கு அவர்களிடம் இரண்டே காரணங்கள் உண்டு. விடுமுறை. அல்லது ஆசிரியர் வரவில்லை.

“ரெண்டாவது போடுங்க.”

“நீங்க வந்தீங்களே மேடம். பலகையில எழுதிட்டிருந்ததை நானே பார்த்தேன்.”

“ஏழாவது காணொலிய நானும் தொண்ணூறு விழுக்காடு பாக்கல. வகுப்புல இருந்தாலும் வராதவர்தான். விதியில மாணவர்னு தனியா போடல, பாருங்க.”

பார்த்தார். விரலை வைத்து ஒவ்வொரு சொல்லாகப் பார்த்தார். இல்லை. பிறகு குரலைத் தாழ்த்தினார். முன்னறிவிப்பின்றி ஒரு நாள் வராமல் போனால் தற்காலிகப் பணியாளருக்குப் பணித்தொடர்ச்சி அறுந்துவிடும். அறுந்தால் புதுப்பிக்க முடியாது. துறைத்தலைவரே நினைத்தாலும்.

“நல்லா யோசிச்சுக்கோங்க மேடம்.”

யோசித்தேன். இந்தப் பருவத்தில் நான் வாயைத் திறந்து பாடம் நடத்திய ஒரே நாள் அது. அன்றைக்கு வரவில்லை என்று எழுதிக் கையெழுத்துப் போட்டேன்.

அக்டோபர் 22, புதன்

துறைத்தலைவர் கோபப்படவில்லை. அவருக்கு ஒரே வருத்தம், ஏழாவது கழிந்ததில் சராசரி கொஞ்சம் இறங்கிவிட்டதாம். அதுதான் நூறை ஒட்டி நின்ற வாரம்.

நவம்பர் 19, புதன்

தேர்வு. மேற்பார்வைக்கு என்னைப் போட்டிருந்தார்கள். டவுட்டு நடுவில் கை தூக்கினாள். கேள்வித்தாளில் நான்காம் கேள்வி முழுதாக அச்சாகவில்லை. எல்லோரும் அதற்கும் விடை எழுதிக்கொண்டிருந்தார்கள்.

டிசம்பர் 12, வெள்ளி

முடிவுகள். டவுட்டுக்கு ஐம்பத்தெட்டு. பெரிய மதிப்பெண் இல்லை. சிறியதும் இல்லை. காணொலி மதிப்பெண்ணின் துணையோடு வகுப்பில் பாதிப் பேர் அவளைத் தாண்டிவிட்டார்கள்.

சாவியையும் அடையாள அட்டையையும் ஒப்படைத்தேன். துறைத்தலைவர் கைகுலுக்கினார். என் காணொலிகள் துறையின் சொத்தாம், அடுத்த பருவத்திலும் ஓடும். நான்தான் இருக்க மாட்டேன்.

ஜனவரி 5, திங்கள்

புதிய தற்காலிக விரிவுரையாளர் தொலைபேசியில் அழைத்தார். என்னைவிட இளையவர், குரலில் தெரிந்தது. மன்னிப்புக் கேட்டுக்கொண்டே ஆரம்பித்தார்.

“எல்லாத்தையும் உக்காந்து பார்த்தேன் மேடம். ஏழாவதுல சத்தமே இல்லையே. சார்கிட்ட கேட்டா, யாரும் இதுவரைக்கும் குறை சொன்னதில்லன்னு சொல்றாரு. எனக்குத்தான் கேக்கலையா?”

இல்லை, உங்களுக்குச் சரியாகத்தான் கேட்டிருக்கிறது என்றேன்.

புது மாணவர்களுக்குப் பதிவேற்றம் புதன்கிழமை. அதற்குள் மாற்றிவிட்டால் யாருடைய கணக்கும் போகாது.

அக்கா பகல் பணிக்குப் போயிருந்தாள். மைக்கைச் செருகி, ஏழாவதை முதலிலிருந்து பேசிப் பதிவு செய்து, ஒரு முறை முழுக்கக் கேட்டுவிட்டு, அவருக்கு அனுப்பினேன்.