எத்தாளையில் தண்ணீர் திறந்த அன்று

சிலாபம்
13.09.2015

அன்பின் குணேஸ்வரி அம்மாவுக்கு,

நிதியத்தில் வேலை செய்யும் டயனா எழுதுகிறேன். நான் இங்கே சுகம். நீங்களும் சுகமாக இருக்க வேண்டும் என்று எழுத எனக்கு உரிமை இருக்கிறதோ தெரியவில்லை. ஆனாலும் மனதார அதையே நினைக்கிறேன்.

உங்கள் தொலைபேசிக்குப் பலமுறை எடுத்தேன். என் இலக்கத்தைக் கண்டுதான் நீங்கள் பேசவில்லை என்று விளங்குகிறது. அது சரிதான். முல்லைத்தீவில் உங்கள் தங்கை வீட்டு விலாசத்தை யூஜீனியா அக்காவிடம் கேட்டு வாங்கினேன். அவர் உடனே தரவில்லை. "கிழிச்சுப் போட்டாலும் போடுவா. ஆனா நீங்க எழுதத்தான் வேணும்" என்று சொல்லித்தான் தந்தார். கிழிப்பதாக இருந்தால் கடைசிவரை வாசித்துவிட்டுக் கிழியுங்கள் அம்மா. இதில் உங்கள் மருமகள் பிரசாந்தி சொல்லி அனுப்பிய செய்தியும் இருக்கிறது.

எத்தாளையில் தண்ணீர்ச் சுத்திகரிப்பு நிலையம் நன்றாக நடக்கிறது. காலையிலேயே கானும் போத்தலுமாகச் சனம் வந்துவிடுகிறது. ஹாசிம் நானா தன் வான் வண்டியில் பக்கத்துக் கிராமத்துக்கும் கொண்டுபோகிறார். யூஜீனியா அக்காவின் மாதர் சங்கம்தான் எல்லாம் பார்க்கிறது. கிணற்றுச் சவர்த் தண்ணீரில் தேத்தண்ணீர் போட்டுக் குடித்த சனம் இப்போது தேத்தண்ணீருக்கு ருசி வந்துவிட்டது என்கிறது. போன கிழமை எனக்கும் ஒரு கோப்பை தந்தார்கள். வாங்கிக் கையில் வைத்திருந்தேன். குடிக்க முடியவில்லை.

அந்த நிலையம் எப்படி வந்தது என்பதை நீங்கள் என் வாயால் கேட்க வேண்டும்.

எங்கள் நிதியம் உதவி கொடுக்குமுன் பெரியவர்களின் கூட்டம் நடக்கும். இந்த முறை தண்ணீர் கேட்டு இரண்டு இடங்கள் வந்தன. ஒன்று எத்தாளை, மற்றது காட்டோரத்தில் இருக்கிற எலுவன்குளம். இரண்டையும் நான்தான் போய்ப் பார்த்தேன். இரண்டு இடத்துக்கும் தேவை ஒன்றுதான். ஒன்றுக்குத்தான் கொடுப்பார்கள். கூட்டத்துக்கு முதல் நாள் எங்கள் பணிப்பாளர் என்னைக் கூப்பிட்டு, கணக்குகளை யாரும் கேட்கப்போவதில்லை, மனதைத் தொடுகிற மாதிரி ஒரு ஆளைப் பற்றிச் சொல்லு என்றார். அடுத்த நாள் நான் எழுந்து நின்று உங்களைப் பற்றிச் சொன்னேன்.

மழை பெய்த அன்று, நீங்கள் வேலை செய்யும் மகாலிங்கம் ஐயாவின் வெங்காயக் கொட்டிலுக்குள் நாம் இருவரும் இருந்தோமே. நீங்கள் நல்லது வேறு, அழுகல் வேறாக வெங்காயம் தெரிந்துகொண்டிருந்தீர்கள். நான் சும்மா, எத்தனை பிள்ளைகள் என்று கேட்டேன். ஒரே மகன் சுஜன் என்றீர்கள். கடைசிச் சண்டையில், காயப்பட்ட மருமகளை ஆஸ்பத்திரிக்குக் கப்பலில் ஏற்றிவிட்டபிறகு, அவன் உங்கள் மடியிலேயே போனதையும், நீங்களும் இன்னொரு கிழவரும் கையால் மண் தோண்டிப் புதைத்ததையும் சொன்னீர்கள். வெங்காயத்தைக் கீழே வைக்காமலே சொன்னீர்கள். பிறகு, "பிரசாந்திக்குத் தெரியாது பிள்ளை. அவன் ஆமியிட்ட சரணடைஞ்சவன், எங்கயோ வச்சிருக்கிறாங்கள் எண்டு நினைச்சுக்கொண்டிருக்கிறாள். காயத்தோட கிடந்தவளுக்கு அப்ப சொல்ல ஏலாமப் போச்சு. பிறகு ஒவ்வொரு வருசமும் சொல்லுவம் எண்டு நினைக்கிறன், வாய் வருகுதில்லை" என்றீர்கள். இது என்னோடேயே இருக்கும் என்று உங்கள் கையைப் பிடித்துச் சொன்னேன்.

கூட்டத்தில் அதைச் சொன்னபோது உங்கள் பெயரைச் சொல்லவில்லை. "ஒரு தாய்" என்றுதான் சொன்னேன். கொழும்பில் கண்ணாடி அறைக்குள் ஆங்கிலத்தில் சொல்கிற கதை எத்தாளைக்கு எங்கே வரப்போகிறது என்று நினைத்தேன். நிதியத்தின் தலைவி, வெளிநாட்டிலிருந்து வந்த அந்த வயதான அம்மா, மேசையில் தலையைக் குனிந்து அழுதார். எத்தாளைக்குக் கிடைத்தது. எலுவன்குளத்துக்கு இல்லை. எனக்கு அன்று சந்தோஷமாக இருந்தது அம்மா. நல்ல காரியம் செய்தேன் என்று வீட்டுக்கு வரும் வழியில் கேக் வாங்கிக்கொண்டு வந்தேன்.

பிறகு, திறப்பு விழாவுக்கு வந்த வழியில், அந்தத் தாய் இந்தக் கிராமம்தானே, அவரைக் காட்டுவாயா என்று தலைவி அம்மா கேட்டார். நான் காட்டினேன். மருமகளுக்குத் தெரியாது என்ற ஒரு வசனத்தை மட்டும் அவரிடம் சொல்லியிருந்தால் போதும். எனக்கு அது நினைவுக்கே வரவில்லை. வரவேற்பு, மாலை, பாண்ட் வாத்தியம் என்று அதிலேயே மனம் போய்விட்டது.

அதற்குப் பிறகு நடந்தது உங்களுக்குத் தெரியும். ஆனால் என் பக்கத்தில் என்ன நடந்தது என்று தெரியாது. அவர் உங்கள் இரண்டு கையையும் பிடித்துக்கொண்டு ஆங்கிலத்தில், உங்கள் மகனை உங்கள் கையாலேயே புதைத்தீர்கள் என்று கேள்விப்பட்டேன், நானும் ஒரு மகனைப் பறிகொடுத்தவள் என்றார். மொழிபெயர்க்க வேண்டியவள் நான். தலைவி அம்மாவுக்குப் பின்னால் பிரசாந்தி தண்ணீர்க் கோப்பைகள் வைத்த தட்டோடு நின்றாள். நான், "உங்களைக் கண்டது சந்தோஷமாம்" என்று சொன்னேன். அதோடு முடிந்துவிடும் என்று நினைத்தேன். ஆனால் பக்கத்தில் நின்ற ஊர்ப் பள்ளிக்கூடத்து ஜோர்ஜ் மாஸ்டர், நான் சரியாகக் கேட்கவில்லை என்று எண்ணி, உதவிக்கு வந்தார். பாவம், அவருக்கு என்ன தெரியும். வகுப்பில் பாடம் சொல்வதுபோல, எல்லோருக்கும் கேட்கும்படி அதைத் தமிழில் சொன்னார்.

பிரசாந்தி, "மாமி, இவை என்ன சொல்லினம்?" என்று கேட்டாள். நீங்கள் என்னைப் பார்க்கவில்லை. அவள் கையிலிருந்த தட்டை வாங்கி மேசையில் வைத்துவிட்டு, "ஓம் பிள்ளை" என்றீர்கள். அந்த இரண்டு சொல்லுக்கு மேல் அன்று நீங்கள் யாரோடும் பேசவில்லை என்று யூஜீனியா அக்கா சொன்னார். இரண்டு நாளில் முல்லைத்தீவுக்குப் பஸ் ஏறிவிட்டீர்கள்.

பணிப்பாளரிடம் போய் நடந்ததைச் சொன்னேன். அவர், தலைவி அம்மாவின் மனம் மிகவும் உருகிவிட்டது, அடுத்த வருடமும் உதவி செய்ய விரும்புகிறார் என்றார். வருடாந்தப் புத்தகத்தில் உங்கள் படத்தோடு அந்தக் கதை வர இருந்தது. அதை எடுக்கச் சொன்னேன். முதலில் மாட்டோம் என்றார்கள். நான் தலைவி அம்மாவுக்கு நேராக எழுதி, நான் செய்ததை ஒளிக்காமல் சொன்னேன். அவர் தன் கையாலேயே பதில் எழுதினார். படமும் கதையும் புத்தகத்திலிருந்து எடுக்கப்பட்டுவிட்டன. எலுவன்குளத்தைத் திரும்பப் பார்க்கவும் சம்மதித்திருக்கிறார். அங்கே இந்த முறை தண்ணீரைப் பற்றி மட்டும்தான் எழுதியிருக்கிறேன். நான் வேலையை விடவில்லை. விட்டால் எல்லோரும் என்னை நல்லவள் என்பார்கள். எனக்கு அந்தப் பெயர் வேண்டாம்.

இனிப் பிரசாந்தியைப் பற்றி.

முதல் தடவை போனபோது அவள் வெளியே வரவில்லை. இரண்டாம் தடவை கதவைத் திறந்து, "உள்ள வாங்கோ மிஸ்" என்றாள். கதிரையைத் துடைத்துப் போட்டாள். அவளுடைய மரியாதை எனக்குத் தாங்க முடியாமல் இருந்தது. பிறகு கோபமெல்லாம் கொட்டினாள். "காணாமல் போனவைக்கான ஆணைக்குழு விசாரணைக்கு நான் போகேக்க மாமியும் வந்தவ. நான் அழுது சொல்லேக்க அவற்ற படத்தைப் பிடிச்சுக்கொண்டு பக்கத்தில இருந்தவ. எல்லாம் தெரிஞ்சுகொண்டு இருந்தவ" என்றாள். கலியாணம் பேசி வந்தவர்களை எல்லாம், அவர் வருவார் என்று தான் திருப்பி அனுப்பியதைச் சொன்னாள். என்னையும் திட்டினாள். "எங்கட வீட்டுச் சாவை வித்து எங்களுக்குத் தண்ணி தந்திருக்கிறியள்" என்றாள். ஓம் என்றேன்.

நேற்று மூன்றாம் தடவை போனேன். அவள் நீங்கள் வழக்கமாக இருக்கும் அந்தக் கொட்டிலுக்குள் தனியாக வெங்காயம் தெரிந்துகொண்டிருந்தாள். கொஞ்சம் மெலிந்திருக்கிறாள். இன்னும் பொட்டு வைத்திருக்கிறாள், தாலியும் இருக்கிறது. நானாக ஒன்றும் கேட்கவில்லை. அவளே கதைத்தாள்.

"ஆணைக்குழுவில மாமி என்ர கையை எவ்வளவு இறுக்கிப் பிடிச்சவ எண்டு இப்பதான் நினைச்சுப் பாக்கிறன் மிஸ். நான் சத்தம் போட்டு அழலாம். அவவுக்கு அதுவும் ஏலாது" என்றாள்.

நான் போகிறேன் என்று எழும்பியபோது என்னை மறித்தாள். அவள் சொன்னதை அப்படியே எழுதுகிறேன்.

"வைகாசி மாதத்தில ஒரு நாள் மாமி ஒண்டும் சாப்பிடமாட்டா. கேட்டா வயிறு சரியில்லை எண்டுவா. நானும் கஞ்சி வச்சுக் குடுத்துப்போட்டுத் தோட்டத்துக்குப் போயிடுவன். அது எந்த நாள் எண்டு நான் கவனிச்சு வைக்கேல்லை. அவற்ற திதி எனக்குத் தெரியாது மிஸ். உலகத்தில மாமிக்கு மட்டும்தான் தெரியும். போனில கேக்கமாட்டன். அவ வந்து சொல்லட்டும். நாங்கள் ரெண்டு பேரும் சேர்ந்துதான் செய்யவேணும்."

அம்மா, நான் உங்களிடம் மன்னிப்புக் கேட்டு இதை எழுதவில்லை. கேட்கிற இடத்தில் நான் இல்லை. நீங்கள் என் முகத்தில் முழிக்க வேண்டியதும் இல்லை. நீங்கள் வருகிற நாளில் நான் எத்தாளைப் பக்கமே வரமாட்டேன், யூஜீனியா அக்காவிடமும் சொல்லியிருக்கிறேன். மகாலிங்கம் ஐயா புத்தளம் பஸ் நிலையத்துக்கு வருவார். பிரசாந்தியும் வருவாளாம்.

தங்கையோடு அங்கே உங்களுக்கு ஆறுதலாக இருக்கலாம். எதையும் நான் கட்டாயப்படுத்த முடியாது. ஆனால் அந்தப் பிள்ளை பஞ்சாங்கத்தில் வைகாசி மாதத்தைத் திறந்து, ஒவ்வொரு நாளாக விரலை வைத்துப் பார்த்துக்கொண்டிருக்கிறாள்.

போய் அவளுக்கு அந்த நாளைச் சொல்லுங்கள், அம்மா.

உங்கள் நம்பிக்கைக்குத் தகுதியில்லாத
டயனா