ரங்கூனில் பார்க்க வேண்டியவை

ஏப்ரல் 1, 2006. சனி. விருதுநகர்.

காலை எட்டு மணிக்கே வெயில் முதுகைச் சுடுகிறது. ரயிலில் தூக்கம் இல்லை. ரங்கூன் போய் மூன்று வருஷத்தில் இது இரண்டாவது லீவு. மாரியம்மன் கோவில் பங்குனிப் பொங்கல் முடிகிற வரை இருக்கலாம்.

குளித்துவிட்டுப் பெரியப்பா கடைக்கு. பர்மா உளுந்து நன்றாகப் போகிறதாம். ரங்கூனில் சரக்குப் பிடித்து ஏற்றிவிட நம் ஆள் ஒருத்தன் இல்லாமல் ஆகாதாம். இனி என்னால் முடியாதென்று போன முறையே சொல்லியிருந்தேன். இன்று அவராகவே பேச்சை எடுத்தார்.

"பிரபு போறேன்னா நீ இங்கனயே கடையைப் பாரு. அவன் மாட்டேன்னா நீதான் கிளம்பணும். வெளியாளை நம்பி நான் வியாபாரம் பண்ண முடியாது."

பிரபு என் சித்தப்பா மகன். சிவகாசிப் பக்கம் ஒரு வெடிக் கம்பெனியில் கணக்கு எழுதுகிறான். கல்யாணமாகி ஏழு மாசம். அவனுக்கு ஆசை காட்டுவது இனி என் வேலை.

மனைவி செல்விக்கு முகத்தில் பூசுகிற தனகா கட்டை. மகளுக்குப் பூப்போட்ட குடை. குடையை வாங்கிக்கொண்டு அம்மாவுக்குப் பின்னால் போய் நின்றுகொண்டாள்.

ஏப்ரல் 2, ஞாயிறு.

பிரபு வந்தான். பார்க்க அங்கே என்ன இருக்கிறது என்றுதான் முதல் கேள்வி. சம்பளம் கூட அப்புறம்தான் கேட்டான்.

சொன்னவை:

தங்கக் கோபுரம். சாயங்காலம் போ. மத்தியானம் பளிங்குத் தரையில் கால் வெந்துபோகும்.

டாலர் நோட்டை மடிக்காதே. மடிப்பு விழுந்தால் வாங்கமாட்டான்.

டீக்கடை முக்காலி நம் முழங்காலுக்குக் கீழே. உட்காரப் பழகணும்.

வட்ட ரயில். ஊரைச் சுற்றிவிட்டு மூன்று மணி நேரத்தில் ஏறின இடத்திலேயே இறக்கிவிடும். கீரைத் தோட்டம், குளம், தலையில் கூடையோடு பொம்பளைகள். கட்டாயம் போ.

மாடி வீட்டிலிருந்து தெருவுக்குக் கயிறு தொங்கும். கீழே சாப்பாட்டுப் பையைக் கட்டிவிட்டால் மேலே இழுத்துக்கொள்ளலாம். இதற்கு நன்றாகச் சிரித்தான்.

பகான். ஆயிரக்கணக்கில் பழைய கோவில்கள், விடியும்போது பார்க்கணும். அரை மணி நேரம் பேசினேன். பகானுக்கு நான் போனதே இல்லை. சரக்கு அடுக்கும் கிட்டங்கிச் சுவரில் தொங்கும் காலண்டர் படத்தைத்தான் சொன்னேன்.

சொல்லாதவை:

நாலாவது மாடி. பாதி நாள் கரண்ட் இல்லை. மூக்கிலும் தொண்டையிலும் எந்நேரமும் உளுந்துத் தூசி.

காய்ச்சலில் கிடந்தபோது அந்தக் கயிற்றில்தான் கஞ்சி வந்தது. யார் வைத்துக் கொடுத்தார்கள் என்று இன்றுவரை தெரியாது. எழுந்து இழுக்கத் தெம்பில்லாமல் பொழுது சாயும்வரை கீழேயே தொங்கியது.

ஏப்ரல் 4, செவ்வாய்.

புழுக்கம். தேர்தல் வேன் ஒன்று போனால் இன்னொன்று. இருமல் விடவில்லை.

பிரபு இன்று மனைவி தனத்தோடு வந்தான். மறுபடியும் தங்கக் கோபுரம், மறுபடியும் ரயில், புதிதாக ஒரு ஏரி. எனக்கே கேட்க நன்றாக இருந்தது. இம்புட்டு நல்ல ஊரை விட்டுவிட்டு ஏன் வருகிறேன் என்று தனம் கேட்டுவிடுவாளோ என்று மட்டும் பயம். அவள் தலையைக் குனிந்து சேலை நுனியைத் திருகிக்கொண்டிருந்தாள்.

காப்பி கொண்டுவந்த செல்வி தட்டோடு நிலைப்படியில் நின்று எல்லாவற்றையும் கேட்டாள். அவர்கள் போன பிறகு தலைவலி என்றாள்.

ஏப்ரல் 6, வியாழன்.

ஆமத்தூர் வழியாகச் சிவகாசி, பிரபு பைக்கில். தார் உருகி டயரில் ஒட்டுகிறது. அவனுக்கும் இந்த வேலை அலுத்துவிட்டது. சீசன் வந்தால் லோடு, ஆர்டர் என்று வீட்டு நினைப்பே கிடையாதாம். பரோட்டா வாங்கிக் கொடுத்தான். சாப்பிட்டுக்கொண்டே மெதுவாகச் சொன்னான், தனத்துக்கு மூன்று மாசம்.

"பிள்ளை பிறக்கையில வந்துட்டுப் போகலாம்லண்ணே?"

வரலாம் என்றேன். அப்பா இறந்தபோது நான் வந்து சேர்வதற்குள் பதினாறாம் நாள் காரியமே முடிந்திருந்தது. என் முதல் லீவு அதுதான். அது அவனுக்கும் தெரியும். மறந்துவிட்டான், அல்லது மறக்கப் பார்க்கிறான்.

ஏப்ரல் 9, ஞாயிறு.

பொங்கல். தெருவெல்லாம் புகை, கொட்டுச் சத்தம், மஞ்சள் சேலை. பிரபு சரி என்றுவிட்டான். பெரியப்பா என் தோளைத் தட்டினார், அடுத்த வாரம் முதல் கல்லாவில் உட்காரச் சொன்னார்.

நான் இங்கேயே இருக்கப்போகிறேன். சந்தோஷமாக இருக்க வேண்டும். அசதியாக இருக்கிறது, அவ்வளவுதான்.

செல்வியிடம் சொன்னேன். "ம்" என்றாள்.

ஏப்ரல் 10, திங்கள்.

செல்வி அக்கினிச்சட்டி எடுத்தாள். நேர்ந்திருக்கிறாள் என்பதே காலையில்தான் எனக்குத் தெரியும். எதற்கு என்று கேட்டேன், மஞ்சள் சேலையை எடுத்துக்கொண்டு குளிக்கப் போய்விட்டாள். வேப்பிலையைக் கையில் வைத்து மேலே சட்டி. கோவில் வரை வெறுங்கால். தண்ணீர்ச் செம்போடு பின்னாலேயே நடந்தேன். மகள் என் விரலைப் பிடித்துக்கொண்டு வந்தாள், கூட்டத்துக்குப் பயந்து.

வீட்டுக்கு வந்து செல்வியின் காலுக்கு எண்ணெய் தடவினேன். அப்போதுதான் வாயைத் திறந்தாள்.

"அங்கன நீங்க நோய் நொடி இல்லாம நல்லா இருக்கணும்னு நேர்ந்தேன். நல்லாத்தான் இருந்திருக்கீக. ரயில்ல சுத்தியிருக்கீக, ஏரி பாத்திருக்கீக. நாந்தான் நீங்க என்ன பாடுபடுதீகளோன்னு ஒழுங்காச் சோறு திங்காமக் கிடந்திருக்கேன்."

எல்லாவற்றையும் சொன்னேன். கயிற்றில் தொங்கிய கஞ்சி, காலண்டர் பகான், போன் கிடைக்காத நாட்கள், இவள் பெயரை வெறும் அறையில் சத்தமாகச் சொல்லிப் பார்த்தது. பார்க்காத ஏரி. ஏன் பிரபுவிடம் அப்படிப் பேசினேன் என்பதையும்.

கண்ணைத் துடைத்துக்கொண்டாள்.

"இதை எங்கிட்டச் சொல்லி என்ன செய்ய. தனத்துக்கிட்டச் சொல்லுங்க."

சொன்னால் நான்தான் திரும்பப் போக வேண்டியிருக்கும் என்றேன். தெரியும் என்றாள்.

ஏப்ரல் 11, செவ்வாய்.

இன்று தேர். அதற்கு முன்னால் பிரபு வீட்டுக்கு. தனம் உட்காரச் சொன்னாள். காப்பி வேண்டாம் என்றேன். இரண்டு பேரையும் வைத்துக்கொண்டு சொல்லாதவற்றையெல்லாம் சொன்னேன். பிரபுவுக்குக் கோபம். உங்களை நம்பித்தானே சரி சொன்னேன் என்றான். நியாயம்தான். தனம் எழுந்து உள்ளே போனாள். அழுகிற சத்தம் கேட்டது. திரும்பி வந்து, "அவுக போகல அத்தான்" என்றாள். என்னை நன்றாக நிமிர்ந்து பார்த்தது இதுதான் முதல் தடவை.

பிறகு பெரியப்பாவிடம் போய்ச் சொன்னேன், கத்தவில்லை. திரும்பிப் போக எனக்குப் போட்டிருந்த டிக்கெட் என் பெயரிலேயே இருக்கட்டும் என்றார், சித்திரை முதல் வாரம்.

எடுத்துப் போக: காய்ச்சல் மாத்திரை, எலுமிச்சை ஊறுகாய், இருமலுக்குச் சுக்கு, கொசுவலை. எல்லாம் செல்வி சொல்லச் சொல்ல எழுதியது.

நடுவில் கேட்டாள், "அந்த வட்ட ரயிலாவது நெசமா?"

நிஜம். ஞாயிற்றுக்கிழமை போக வேறு இடம் இல்லாமல் வாராவாரம் அதில்தான் ஏறினேன் என்றேன்.

சுக்குக்குப் பக்கத்தில் இன்னும் ஒன்று எழுதச் சொன்னாள். அவளுக்கும் மகளுக்கும் பாஸ்போர்ட்டுக்குப் போட்டோ.