வேடியப்பனைத் திருப்பிக் கேட்கப் போனேன், தேனு

என் ஆசைத் தேனு,

அங்கே போயும் மண்ணைப் பிசைந்துகொண்டுதான் இருப்பாய். நகமெல்லாம் அழுக்கோடு நீ சாப்பிட உட்கார்ந்தால் திட்டுவதற்கு அங்கே யார் இருக்கிறார்கள்? என் தம்பி உன்னைக் கட்டிக்கொண்டு வந்ததிலிருந்து அந்த வேலையை நான்தான் பார்த்துவந்தேன். இப்போது வீட்டில் எல்லார் நகமும் சுத்தமாக இருக்கிறது. எனக்கு அது பிடிக்கவே இல்லை.

நாத்தனாரும் தம்பி பெண்டாட்டியும் அடுப்படியில் சண்டை போடுவார்கள் என்பார்கள். நாம் வண்டியில் போட்டோம். நீ அருங்காட்சியகத்தில் பிள்ளைகளுக்கு ஓவியமும் மண்வேலையும் சொல்லிக்கொடுக்கிறவள், நான் வேன் ஓட்டுகிறவள். "பசங்க மியூசியத்துக்கு வர பஸ்ஸு இல்ல அண்ணி. மியூசியம் பசங்ககிட்ட போறதுக்கு உங்க வண்டி இருக்கே"னு சொல்லி, பழைய சிலைகளின் நகல்களைப் பெட்டி பெட்டியாக ஏற்றினாய். கீழ்பென்னாத்தூர் பக்கம் எந்தப் பள்ளிக்கூடத்தை விட்டோம்? கடலைக்கொல்லைக்கு நடுவே இருந்த பள்ளிக்கூடத்துக்கும் போனோம்.

வேகத்தடை வந்தால் இன்றைக்கும் இடது பக்கம் திரும்பி, "பெட்டியப் புடி"ன்னுதான் வாய் வருகிறது. அந்த சீட்டில் இப்போது தண்ணி கேன் உட்கார்ந்திருக்கிறது. அதுக்கும் சேர்த்துத்தான் மெதுவாக ஓட்டுகிறேன்.

சரி, சொல்ல வந்ததைச் சொல்கிறேன். அடி அண்ணாமலைப் பள்ளிக்கூடத்தில் நீ விட்டுவிட்டு வந்தாயே ஒரு நடுகல், அதைப் பற்றித்தான். மாடுகளை மீட்கப் போய்ச் செத்துப்போன ஒருவனுக்காக எந்தக் காலத்திலோ நட்ட கல்லுக்கு, நீயே அச்செடுத்து, பிளாஸ்டர் ஊற்றி, நிறம் பூசிச் செய்த நகல். கையில் வில், காலடியில் நாய். பேர் மட்டும் தேய்ந்துபோயிருந்தது.

"பசங்க இன்னும் வரைஞ்சு முடிக்கல அண்ணி, இங்கயே இருக்கட்டும், அடுத்த வாரம் எடுத்துக்கலாம்" என்றாய். அந்த வாரமே காய்ச்சல் என்று படுத்தாய். அடுத்த வாரம் என்று வாயால் சொன்னவள் இப்படியா போவாய்? யாரைக் கேட்டுப் போனாய்?

உன் காரியமெல்லாம் முடிந்த பிறகு உன் அதிகாரி என்னைக் கூப்பிட்டார். "அந்த நகல் திரும்பி வரட்டும்மா. வரலைன்னா இனிமே ஒரு பொருளும் வெளிய போகாது, பள்ளிக்கூடமெல்லாம் அத்தோட நிறுத்திக்கலாம்" என்றார். உன் இடத்துக்கு ஒரு புதுப் பெண் வந்துவிட்டாள், பெட்டிகளும் இருக்கின்றன, வண்டியும் இருக்கிறது. இந்த ஒரு கல்லால் எல்லாம் நின்றுவிடுமா? நீ அலைந்து திரிந்து வாங்கின அனுமதி தேனு அது. நேராக வண்டியை எடுத்தேன்.

அங்கே போய்ப் பார்த்தால், உன் கல் வேப்பமரத்தடியில் நிற்கிறது. மேலே மஞ்சள், குங்குமம், மாலை. முன்னால் கற்பூரம் எரிந்த கரி.

சத்துணவு சமைக்கிற அமுதா அக்கா இடுப்பில் கை வைத்துக்கொண்டு எதிரே நின்றார். "வேடியப்பன் சாமிம்மா இது. எங்க ஊர்ப் பக்கம் இப்படித்தான் கல்லா நிப்பாரு. அவரு வந்தப்புறந்தான் போர்ல தண்ணியே வந்துச்சு. அவரப் போய் வண்டில ஏத்துவியா?"

பௌர்ணமிக்குக் கிரிவலம் வந்தவர்கள் மதிலுக்கு மேலே எட்டிப் பார்த்து, அவர்களும் கும்பிட்டுவிட்டுப் போனார்களாம். இன்னும் கொஞ்சம் விட்டால் உண்டியல் வைத்துவிடுவார்கள்! தலைமை ஆசிரியரிடம் போனேன். "எனக்கு எதுக்கு வம்பு, ஆயாகிட்டயே பேசிக்குங்க" என்று ரிஜிஸ்டருக்குள் தலையை விட்டுக்கொண்டார்.

நீயாக இருந்தால் என்ன சொல்லியிருப்பாய் என்று எனக்குத் தெரியும். எங்கே போய் நின்றாலும் இதையேதானே சொல்லுவாய்: "கும்புட்டா கண்ண மூடிக்கிறாங்க அண்ணி. மூடின கண்ணுக்கு எதக் காட்டுறது?" ஆனால் உன்னைப் போல நைச்சியமாகப் பேச எனக்கு எங்கே வரும்? வண்டிக்கு வழி விடாதவனைத் திட்டுகிற வாய் இது. கத்தினேன். கத்தக் கத்த அமுதா அக்காவின் கை இடுப்பில் இன்னும் இறுகியது. கடைசியில் அழுகை வந்து, மரத்தடியிலேயே உட்கார்ந்துவிட்டேன்.

பிள்ளைகள் சுற்றி வந்துவிட்டார்கள். தட்டைக் கழுவின கையோடு ஐந்தாம் வகுப்பு தீபிகா என் பக்கத்தில் குந்தினாள். அவளை உனக்குத் தெரியும், நாயை மட்டுமே வரைவேன் என்று அடம் பிடித்தவள். "கஸ்தூரி அக்கா, இத எடுத்துட்டுப் போலன்னா நீங்க யாரும் வர மாட்டீங்களா?" என்றாள். ஆமாம் என்று தலையை ஆட்டினேன்.

அவள் எழுந்து அமுதா அக்காவிடம் போனாள். "ஆயா, இத அக்காகிட்ட குடுத்துடு. நாங்க ஒண்ணு செஞ்சு தர்றோம், அத வெச்சுக்கோ."

"போடி. நீ செஞ்சா சாமியாயிடுமா?"

"இத மட்டும் யாரு செஞ்சது? தேன்மொழி மிஸ்தான செஞ்சாங்க!"

அமுதா அக்கா முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார். "இந்த வாயெல்லாம் அவ சொல்லிக்குடுத்ததுதான்" என்றார். எனக்கு உன்னைக் கட்டிப்பிடித்துக்கொள்ள வேண்டும்போல இருந்தது தேனு. எங்கே போய்க் கட்டிப்பிடிப்பேன்?

மறுநாளே ஏரியிலிருந்து களிமண் ஏற்றிக்கொண்டு போனேன். புதுப் பெண்ணையும் கூட்டிக்கொண்டு போனேன். பாவம், பயந்த சுபாவம், வழியெல்லாம் தண்ணி குடித்துக்கொண்டே வந்தாள். அங்கே அவளுக்கு வேலையே இல்லை. மண்ணை எவ்வளவு ஈரத்தில் பிசைய வேண்டும், விரிசல் விட்டால் எப்படிப் பூச வேண்டும் என்றெல்லாம் பிள்ளைகள் அவளுக்குச் சொன்னார்கள். அவளும் கூச்சம் போய், காலை மடித்து உட்கார்ந்து மண்ணில் கை வைத்தாள். நான் அமுதா அக்காவோடு வெங்காயம் உரிக்கப் போய்விட்டேன். வெங்காயம் இருந்தது நல்லதாகப் போயிற்று.

முடித்துவிட்டுக் கூப்பிட்டார்கள். போய்ப் பார்த்தால் வில் இல்லை, மீசை இல்லை. ஒரு பொம்பளை நிற்கிறாள். தோளில் ஜோல்னாப் பை, கையில் பிரஷ், பத்து விரலிலும் நகம் தெரியாமல் மண். காலடியில், நாய் இருக்க வேண்டிய இடத்தில், ஒரு வேன். வேன் ஜன்னலில் கொட்டாங்கச்சி மாதிரி ஒரு தலை.

"இது யாருடி?" என்று வேனைக் காட்டிக் கேட்டேன்.

"நீங்கதான். நடுகல்லுல கூடவே இருந்தவங்களையும் போடணும்னு மிஸ் சொல்லியிருக்காங்க."

அமுதா அக்கா குங்குமக் கிண்ணத்தோடு வந்து நின்றார். வழக்கம்போலக் கையெடுத்துக் கண்ணை மூடினார். "ஆயா, கண்ணத் தொறந்து பாரு, மிஸ்ஸுக்குப் புடிக்காது" என்று நாலைந்து குரல் கேட்டது. அவர் கண்ணைத் திறந்து, குங்குமத்தைத் தொட்ட விரலோடு, உன்னைப் பார்த்துக்கொண்டே நின்றார். அவருக்கும் கண் கலங்கிவிட்டது.

வேடியப்பனைத் துணியில் சுற்றி, உன் சீட்டில் வைத்துக் கொண்டுவந்து சேர்த்தேன். அதிகாரி வாங்கிக்கொண்டார். மஞ்சள் கறை மட்டும் போகவில்லை. திங்கட்கிழமை கீழ்பென்னாத்தூருக்குப் பெட்டி போகிறது.

எனக்கு ஒரே ஒரு குறைதான் தேனு. அது சுடாத மண். ஐப்பசி மழை பிடித்தால் கரைந்துவிடும். தீபிகாவிடம் சொன்னேன். "கரைஞ்சா என்னா, மறுபடி செய்வோம்" என்றாள். செய்வார்கள். ஆனால் அவள் அடுத்த வருஷம் பெரிய பள்ளிக்கூடத்துக்குப் போய்விடுவாள். அதற்கடுத்து வருகிற பிள்ளைகளுக்கு உன்னைத் தெரியாது. கேட்டுக் கேட்டுச் செய்வார்கள். வருஷா வருஷம் உன் முகம் கொஞ்சம் கொஞ்சமாக வேறு யாரோ ஆகிவிடுமே, அதை நான் எப்படிப் பார்த்துக்கொண்டிருப்பேன்?

அதனால் சொல்கிறேன், கேட்டுக்கொள். ஒவ்வொரு மழைக்குப் பிறகும் மண்ணை நான்தான் ஏற்றிக்கொண்டு போவேன். உடம்பையும் பையையும் பிள்ளைகள் இஷ்டம்போலச் செய்யட்டும். உன் மூக்கை மட்டும், இந்தக் கை ஸ்டியரிங் பிடிக்கிற வரைக்கும், நானே செய்வேன்.

நகத்தில் மண்ணோடு,
உன் நாத்தனார்
கஸ்தூரி